யூக்கா கோன் மோஹோ: பூண்டும் ஆரஞ்சும் மணக்கும் கியூபா மரவள்ளி

கியூபாவில் டிசம்பர் 24ஆம் தேதி இரவு விருந்தில், சுட்ட பன்றியிறைச்சிக்கும் கறுப்பு பீன்ஸ் சோற்றுக்கும் பக்கத்தில் பெரும்பாலும் இடம்பெறும் தொடுகறி யூக்கா கோன் மோஹோ. யூக்கா என்பது நாம் மரவள்ளி என்றும் குச்சிக்கிழங்கு என்றும் சொல்லும் அதே கிழங்கு. மோஹோ என்பது பூண்டையும் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றையும் சூடான எண்ணெயோடு கூட்டிச் செய்யும் குழம்பு. கொலம்பஸ் வருவதற்கு முன்பே கியூபாவின் பழங்குடியினரான தாயினோ மக்கள் இக்கிழங்கை மண்மேடுகளில் பயிரிட்டு, துருவிப் பிழிந்து, கசாபே என்னும் தட்டை ரொட்டியாகச் சுட்டு உண்டனர். பூண்டும் ஆரஞ்சும் ஸ்பானியரோடு கடல் கடந்து வந்தவை.

நான்கு பேருக்கு ஒரு கிலோ கிழங்கு போதும். வாங்கும்போது ஒரு முனையை ஒடித்துப் பார்க்க வேண்டும். சதை பால்வெள்ளையாக, ஈரமாக இருந்தால் நல்லது, நீலமோ கறுப்போ கோடு ஓடியிருந்தால் அதை விட்டுவிடலாம். தோல் சீவியால் இதை உரிக்க முயல்வது வீண் வேலை. கிழங்கை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, கத்தி நுனியை உள்ளே நுழைத்து நெம்பினால், பழுப்பு நிற மேல்தோலும் அதன் அடியில் இளஞ்சிவப்பாக ஒட்டியிருக்கும் தடித்த பட்டையும் சேர்ந்தே கழன்று வரும்.

மரவள்ளியைப் பச்சையாகத் தின்னக் கூடாது. அதிலுள்ள லினமரின் என்ற பொருள் சிதையும்போது சயனைடு உண்டாகிறது. அது சதையைவிடத் தோலில் அதிகம். ஆகவே தோலை முழுவதும் நீக்கி, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இது சயனைடு குறைவாக உண்டாகும் இனிப்பு வகைக் கிழங்குக்கான முறை. சயனைடு மிகுதியாக உண்டாகும் கசப்பு வகைக்கு இது போதாது, அதைத் துருவிப் பிழிந்தே பயன்படுத்துவார்கள்.

துண்டுகள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, மூடாமல் கொதிக்கவிட்டால் இளங்கிழங்கு 25 நிமிடத்தில் வெந்துவிடும். முற்றியது முக்கால் மணி நேரம்கூட எடுக்கும். பாதி வெந்ததும் கியூபாக்காரர்கள் ஒரு குவளை குளிர்ந்த நீரை ஊற்றுவார்கள். கிழங்கைப் 'பயமுறுத்துவது' என்று இதற்குப் பெயர். பயந்த கிழங்கு வாய் பிளந்து பூவாக விரியுமாம். முற்றிய கிழங்குக்கு இதைச் செய்து பார்க்கலாம், இளசுக்குத் தேவையில்லை. கத்தி தடையின்றி இறங்கி, துண்டின் ஓரங்கள் வெடிக்கத் தொடங்கியதும் வடித்து, நடுவில் ஓடும் நாரை உருவி எறிந்துவிட வேண்டும்.

உண்மையில் இந்தக் கறியின் உயிர் மோஹோவில்தான் இருக்கிறது. எட்டுப் பத்துப் பூண்டுப் பற்களை அரைத் தேக்கரண்டி உப்போடு இடிகல்லில் கொரகொரப்பாக இடித்து, சிட்டிகை சீரகத்தூள் சேர்த்து வைத்துக்கொள்ளவும். கியூபாவில் பயன்படும் புளிப்பு ஆரஞ்சு கிடைக்காவிட்டால், 60 மில்லி ஆரஞ்சுச் சாற்றோடு 40 மில்லி எலுமிச்சைச் சாறு கலந்தால் சுவை ஏறக்குறைய அதே போல் வரும். மெல்லியதாக வட்டமாக அரிந்த ஒரு வெங்காயத்தை 100 மில்லி எண்ணெயில் கண்ணாடிபோல் ஆகும்வரை வதக்கி, பூண்டு விழுதைப் போட்டு அரை நிமிடம் கிளறி, மணம் எழுந்த உடனே அடுப்பை அணைத்துவிட வேண்டும். பூண்டு சிவந்தால் மோஹோ கசந்துவிடும். பிறகு முகத்தைச் சற்று விலக்கிக்கொண்டு சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றவும். எண்ணெய் கட்டாயம் தெறிக்கும்.

கிழங்கு ஆவி பறக்கும்போதே அதன்மேல் இந்த மோஹோவை ஊற்ற வேண்டும். ஆறினால் கிழங்கு இறுகிவிடும், புளிப்பும் பூண்டும் மேலோடு நின்றுவிடும். மீந்த துண்டுகளைக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்தெடுத்து, எஞ்சிய மோஹோவில் தொட்டுச் சாப்பிடலாம்.