கிறிஸ்துமஸ் ட்ரீ வச்சிருக்கீங்களா, உச்சிய மட்டும் வெட்டிடாதீங்க

நம்ம சென்னை நர்சரில கிறிஸ்துமஸ் ட்ரீன்னு குடுப்பாங்கல்ல அரக்கேரியா, உயரமா போகுதேன்னு அதோட உச்சிக் குருத்த கட் பண்ணிடாதீங்க ப்ளீஸ், அந்த கோபுர ஷேப் போனா போனது தான், பக்கக் கிளைய வெட்டி நட்டாலும் படுத்தாப்லயே தான் வளருமே தவிர நேரா நிமிராது. கீழ் அடுக்கு காய்ஞ்சு விழுந்தா அங்கயும் திரும்ப துளிர்க்காது. அதனால எல்லா பக்கமும் வெளிச்சம் படுற மாதிரி வாரம் ஒரு தடவ தொட்டிய கொஞ்சம் திருப்பி வைங்க. மேல்மண் காய்ஞ்சப்புறம் தண்ணி ஊத்துங்க, நவம்பர் மழைல தட்டுல தேங்குறத உடனே கொட்டிடணும், இல்லனா வேர் அழுகிடும். பசிபிக் கடல்ல ஆஸ்திரேலியா பக்கம் இருக்குற நார்ஃபோக் தீவு மரம்ங்க இது, பெசன்ட் நகர் உப்புக்காத்தெல்லாம் நல்லா தாங்கும், ஆனா கத்திரி வெயில்ல சின்ன கன்னுக்கு மட்டும் மதியம் நிழல் வேணும்.