மக்கும் பை மக்குமா? தொட்டியில் புதைத்துப் பாருங்கள்

போன வருடம் ஒரு கடையில் ‘மக்கும் பை’ என்று பச்சை எழுத்தில் அச்சடித்த பை கொடுத்தார்கள். நானும் நம்பி, காய்கறிக் கழிவோடு மாடியில் இருக்கும் உரத் தொட்டியில் போட்டேன். நாலு மாதம் கழித்து உரத்தைச் சலித்தால், சல்லடையில் நகத்துண்டு அளவுக்குத் துணுக்குகள். மக்கவில்லை, பொடிந்திருந்தது. பொறுக்கி எடுக்கவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இப்போதெல்லாம் புதைத்துப் பார்க்காமல் எந்தப் பையையும் உரத்தில் சேர்ப்பதில்லை.

உயிருள்ள மண்தான் முக்கியம். தோட்ட மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. பாக்கெட்டில் வரும் தென்னை நார்க்கழிவை மட்டும் நிரப்பினால் பலன் இருக்காது, அதில் நுண்ணுயிர்கள் குறைவு. ஈரம் எவ்வளவு என்றால், ஒரு கைப்பிடி மண்ணைப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது.

புதைப்பதற்கு மூன்று துண்டுகள் வெட்டுங்கள், ஒவ்வொன்றும் 10 செ.மீ. சதுரம்: சோதிக்க வேண்டிய பை, கழுவிய பால் கவர், பழைய பருத்தி வேட்டி. வேட்டி எதற்கு? அதுதான் சாட்சி. வேட்டியே இற்றுப் போகவில்லை என்றால் மண்ணில்தான் கோளாறு, பையைக் குறை சொல்ல முடியாது. துண்டுகளைத் தனித்தனியாக நைலான் கொசுவலையில் முடிந்து ஒரு சாண் ஆழத்தில் வையுங்கள். வலை இல்லாவிட்டால் பிறகு தேடி எடுக்க முடியாது.

புதைக்கும் முன் எடை போட வேண்டும். 50 மைக்ரான் பால் கவரில் இந்த அளவுத் துண்டு அரை கிராம்கூட வராது, சமையலறைத் தராசு அசையாது. நான் தெரிந்த நகை ஆசாரியிடம் கொண்டுபோனேன். “பால் கவரையா நிறுக்கணும்?” என்று சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

மாதம் ஒரு முறை எடுத்து, மெதுவாக அலசி, நிழலில் காயவைத்து மறுபடி நிறுங்கள். என் தொட்டியில் வேட்டி முதல் மாதத்திலேயே நூல் நூலாகிவிட்டது. பால் கவர் ஆறு மாதம் கழித்தும் புதுசு போல, அச்சடித்த தேதிகூட அழியவில்லை.

காரணம் இதுதான். பாக்டீரியாவுக்கு வாய் கிடையாது. நொதியை வெளியே சுரந்து, நீளமான மூலக்கூறை நறுக்கி, சின்னத் துண்டுகளைத்தான் உள்ளே இழுத்துக்கொள்ளும். பருத்தியின் செல்லுலோஸை நறுக்க நொதி ஏராளம். பால் கவரின் பாலிதீன் முழுக்கக் கார்பன் சங்கிலி, நொதி எளிதில் வெட்டுகிற கண்ணி அதில் இல்லை. வெயில் பட்டால் நொறுங்கும், நொறுங்கினாலும் அது பாலிதீன்தான்.

“ஜப்பானில் பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா இருக்கிறதே” என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. சகாய் நகரில் கிடைத்த இடியோனெல்லா சகாயென்சிஸ், 2016இல் அறிவித்தார்கள். அது தின்பது தண்ணீர் பாட்டில் செய்கிற பெட் பிளாஸ்டிக்கை. அதிலும் 30 டிகிரி சூட்டில், இளக்கமான மெல்லிய படலத்துக்கே ஆறு வாரம் ஆனது. கெட்டியான பாட்டில் அதற்கு லேசில் மசியாது. பால் கவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ‘பிளாஸ்டிக்கைக் கரைக்கும் கரைசல்’ என்று யாராவது விற்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், அசல் மக்கும் பையும் தொட்டியில் தாமதிக்கலாம், உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள். அதற்கான ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 தரச் சோதனை 58 டிகிரி வாக்கில், 180 நாள் வரை நடப்பது. மாடித் தொட்டி அவ்வளவு சூடாகாது. பையில் அந்தத் தர எண் இருந்தால், இடுப்பளவு சாணக் குவியலின் நடுவில் இன்னொரு துண்டை வைத்துப் பாருங்கள். குவியலில் இரும்புக் கம்பியைச் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவினால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும்.

சோதனை முடிந்த தொட்டி மண்ணைச் சலிக்காமல் கீரைப் பாத்தியில் கொட்டிவிடாதீர்கள்.