நாலணாவிலிருந்து தொடங்குங்கள்: பிள்ளைகளோடு காசு சேர்க்க ஒரு வழிகாட்டி

பேரன் ஐந்தாம் வகுப்புக்குப் போன ஆண்டு, நாற்பது ஆண்டுகளாக நான் சேர்த்த காசுகளில் நல்லவற்றைப் பொறுக்கி, ஆண்டு வரிசைப்படி ஆல்பத்தில் அடுக்கி, அவனுடைய பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். "நல்லா இருக்கு தாத்தா" என்று சொல்லி இரண்டு பக்கம் புரட்டினான். அதன் பிறகு அந்த ஆல்பம் வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டு அலமாரியில் பழைய பஞ்சாங்கங்களுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. மூன்று மாதம் கழித்து, அவன் பாட்டி நிறைந்துபோன மண் உண்டியலை உடைத்துச் சில்லறையைக் கூடத்தில் கொட்டியபோது, எண்ணி அடுக்க உட்கார்ந்தவன் திடீரென்று, "தாத்தா, இதுல வருஷத்துக்குக் கீழ ஸ்டார் இருக்கு, இதுல இல்ல, ஏன்?" என்று கேட்டான். ஆல்பத்தில் அதே நட்சத்திரம் இருபது காசுகளில் இருந்தது. ஆனால் அவன் கண்டுபிடிப்பதற்கு நான் அதில் எதையும் மிச்சம் வைத்திருக்கவில்லை.

ஆகவே பிள்ளைக்குக் காசு சேர்க்கும் பழக்கத்தை அறிமுகப்படுத்த விரும்புகிறவர்கள் ஆல்பத்தைக் கொடுக்காமல் குவியலைக் கொடுக்க வேண்டும் என்பதே என் அனுபவம். பழக்கமான மளிகைக்கடையில் இருநூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டு வாங்குங்கள். கூடத்தில் பழைய வேட்டி ஒன்றை விரித்து அதன் மேல் கொட்டுங்கள். கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்காருங்கள். முதலில் மதிப்பு வாரியாகவும், பிறகு ஆண்டு வாரியாகவும் அடுக்கச் சொன்னால் போதும். ஆண்டைத் தேடுகிற கண்ணுக்கு அதன் கீழே உள்ள குறி தானாகவே தட்டுப்படும். குறி எதுவும் இல்லாதது கொல்கத்தாவில் அச்சானது. வைரம் போன்ற சாய்சதுரம் மும்பையையும், ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத்தையும், வட்டப் புள்ளி நொய்டாவையும் குறிக்கும். பழைய காசுகளில் ஹைதராபாத்துக்கு வேறு குறிகளும் உண்டு என்பதால், இந்தப் பட்டியலுக்கு அடங்காத ஒன்று அகப்பட்டால் பிள்ளையின் கண்ணைச் சந்தேகிக்காதீர்கள். குறியின் பொருளை அவர்கள் கேட்கும் வரை சொல்ல வேண்டாம். கேட்ட பிறகும், உடனே விடை சொல்லாமல், எந்தக் குறி எத்தனை காசில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணச் சொல்லிவிட்டு, எண்ணி முடித்ததும் ஊர்ப் பெயர்களைச் சொல்லுங்கள். நம் தெருக் கடைக்கு எந்த ஊர்க் காசு அதிகமாக வந்திருக்கிறது என்பது அப்போது அவர்களே கண்ட செய்தியாகிவிடும்.

அடுத்த வாரத்துக்கு ஒரு காந்தம் போதும். 1988 முதல் வந்த காண்டாமிருகம் போட்ட நாலணா துருப்பிடிக்காத எஃகு என்பதால் காந்தத்தில் ஒட்டும். எழுபது எண்பதுகளின் பெரிய ஒரு ரூபாய், செம்பும் நிக்கலும் கலந்தது என்பதால் ஒட்டாது. ஆனால் 1957-க்குப் பிறகு வந்த முதல் நாலணாக்கள் தனி நிக்கல் என்பதால் மறுபடியும் ஒட்டும். பார்வைக்கு ஒன்றுபோல் வெள்ளையாக இருக்கும் மூன்று காசுகளில் இரண்டு ஒட்டுவதையும் ஒன்று ஒட்டாததையும் பார்த்த பிள்ளை, உலோகக் கலவை என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் வாசிக்கும்போது மிரளாது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் வீட்டில் இருந்தால் இவை எல்லாவற்றையும் அவர்கள் தூங்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காசை விழுங்கிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எந்தப் பொழுதுபோக்குக்கும் நல்ல தொடக்கம் அல்ல.

இந்தப் பழக்கத்தின் சாரம் பேச்சில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இருபத்தைந்து காசை நாம் ஏன் நாலணா என்றும், ஐம்பது காசை ஏன் எட்டணா என்றும் சொன்னோம் என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஒரு அணாவுக்கு நான்கு காலணா, ஒரு காலணாவுக்கு மூன்று தம்படி. ஆக ஒரு ரூபாய்க்கு 192 தம்படி. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாயை நூறு புதுப் பைசாவாகப் பிரித்தபோது, ஒரு அணாவுக்குச் சரியாக 6.25 பைசா வந்தது. அந்தக் கால் பைசாவைக் கடைக்காரரும் கொடுக்க முடியாது, வாங்குகிறவரும் கேட்க முடியாது. அணாக் காசுகளில் நாலணாவும் எட்டணாவும் மட்டுமே 25, 50 என்று மிச்சமில்லாமல் பொருந்தின. அதனால்தான் ஓரணாவும் இரண்டணாவும் பேச்சிலிருந்து மறைந்தும், இந்த இரண்டும் அணா போய் அரை நூற்றாண்டுக்கு மேலும் நாவில் தங்கின. இந்தக் கணக்கை நீங்கள் போட்டுக் காட்டாமல், பதினாறால் நூறை வகுக்கச் சொல்லிப் பிள்ளையையே போடச் செய்யுங்கள். 2011 ஜூன் 30-க்குப் பிறகு நாலணாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாமல் போனதால், பத்து வயதுப் பிள்ளைக்கு நாலணாவே பழம்பொருள். வீட்டுப் பெரியவர்களின் அஞ்சறைப்பெட்டியிலும் பூஜை அலமாரியிலும் அது இன்னும் கிடைக்கும்.

அதே வழியில் மற்றச் சொற்களுக்கும் போகலாம். "அவனிடம் தம்படி பெயராது" என்று பாட்டி சொன்னால், தம்படியைக் காட்டுங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செம்பை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்டு 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணாவை அரைஞாண் கயிற்றில் கோத்துப் பார்த்த பிள்ளை, அந்தப் பெயரைத் திட்டாகக் கேட்கும்போது சிரிக்கும். வீட்டில் பழைய வெள்ளி ரூபாய் இருந்தால் சமையலறை மின்தராசில் வைத்து நிறுக்கச் சொல்லுங்கள். பதினொன்றரை கிராமுக்குச் சற்று மேலே காட்டும். பழைய எடை அளவான ஒரு தோலாவும் அதே எடைதான் என்பதையும், மருந்துச் சரக்கை "ஒரு ரூபாய் எடை" என்று பாட்டி அளந்தது இந்தக் காசை வைத்துத்தான் என்பதையும் அப்போது சொன்னால் போதும்.

நம் வேலூர், ஆற்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கென்றே ஒரு செய்தி இருக்கிறது. அதை வேறு எந்தப் பக்கத்துக்காரரும் இவ்வளவு உரிமையோடு சொல்ல முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காடு நவாபின் தலைநகராக இருந்தபோது அங்கே அடிக்கப்பட்ட வெள்ளி ரூபாய்க்கு ஆற்காட்டு ரூபாய் என்று பெயர். அதற்குச் சந்தையில் இருந்த மதிப்பைப் பார்த்து ஆங்கிலேயக் கம்பெனி சென்னையிலும் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலும் அதே போன்ற ரூபாயை அடித்தார்கள். அடித்த இடம் வேறாக இருந்தும் காசின் மேல் பாரசீக எழுத்தில் "ஆர்காட்" என்றே பொறித்தார்கள். புதுச்சேரிக் காசில் ஒரு பிறை இருக்கும். கம்பெனி, முகலாய மன்னர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரையும், ஆறாம் ஆட்சியாண்டையும், இஸ்லாமிய நாட்காட்டியான ஹிஜ்ரியில் 1172 என்ற ஆண்டையும் அவர் இறந்த பின்னரும் மாற்றாமல் பல்லாண்டு அடித்துக்கொண்டிருந்தது. ஊரும் பொய், ஆண்டும் பொய், ஆனால் வெள்ளி மெய் என்று நான் சொன்னபோது பேரன் அன்று இரவு சாப்பாட்டின்போதும் அதையே பேசிக்கொண்டிருந்தான். அசல் காசு கைவசம் இல்லாவிட்டால் நல்ல படம் போதும். உருதுவும் அதே எழுத்து வகையில் எழுதப்படுவதால், அதை வாசிக்க நம்மிடம் வழியும் உண்டு: வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது வாசிக்கத் தெரிந்த பெரியவர் இல்லாத பகுதி குறைவு. எங்கள் பக்கத்து வீட்டுப் பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அலிஃப், ரே, காஃப் என்று எழுத்தெழுத்தாகப் பேரனுக்குக் காட்டினார். நான் நாற்பது ஆண்டாகப் படமாகப் பார்த்த எழுத்தை அவன் ஒரு மாலையில் வாசித்துவிட்டான். எனக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது.

காசுகளை விலைக்கு வாங்கித் தருவதைக் குறைந்தது முதல் ஆண்டிலாவது தவிர்த்துவிடுங்கள். கேட்டுப் பெறும் காசுக்கு ஒரு கதை கூடவே வரும். கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் படையில் பணியாற்றிவிட்டு வந்தவர்களிடமும், வளைகுடாவில் வேலை பார்த்த உறவினர்களிடமும் அயல்நாட்டுச் சில்லறை மேசை இழுப்பறையில் கிடக்கும். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளுக்கு வங்கதேசத்திலிருந்து நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களும் வந்து தங்குவதால், அந்தத் தெருக் கடைகளின் கல்லாவில் எப்போதாவது அந்நாட்டுப் பணமான டாக்காக் காசு ஒன்று தவறிப்போய்க் கிடப்பதுண்டு. பிள்ளையே போய், "அண்ணா, வெளிநாட்டுக் காசு எதுவாவது இருக்கிறதா?" என்று மரியாதையாகக் கேட்கட்டும், நீங்கள் நான்கடி தள்ளி நில்லுங்கள். கூச்சம் மிகுந்த பிள்ளைக்கு இது கடினமான பகுதி, ஆகவே வற்புறுத்த வேண்டாம்.

பராமரிப்பில் ஒரே ஒரு விதியைக் கண்டிப்பாக வையுங்கள்: காசைத் தேய்க்கக் கூடாது. குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, கறுத்த செம்புக் காசைப் பார்த்ததும் கை பரபரக்கும். நானே பன்னிரண்டு வயதில், என் மாமா கொடுத்த ஒரு பழைய காலணாவைப் புளியில் ஊறவைத்துப் பளபளவென்று ஆக்கி அவரிடம் பெருமையாகக் காட்டினேன்; அவர் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு நெடுநாள் எனக்குக் காசே கொடுக்கவில்லை. அந்தக் கறுப்பு காசின் தோல் போன்றது. புளியின் அமிலம் அதை அரித்து எடுத்துவிட்டால் திரும்ப வராது, சேகரிப்பவர்களிடம் காசின் மதிப்பும் போய்விடும். இதை விளக்க, செல்லாத இரண்டு பைசாக்களை எடுத்து, ஒன்றைத் தேய்க்கவிட்டு மற்றொன்றை அப்படியே விட்டு, பூதக்கண்ணாடியில் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். வியர்வை படாமல் விளிம்பைப் பிடித்துத் தூக்கக் கற்றுக்கொடுங்கள். மலிவான மெல்லிய பிளாஸ்டிக் உறைகள் நம் கோடை வெயிலில் இளகிக் காசில் பச்சைப் பிசுக்கை ஏற்றிவிடும்; ஆரம்பத்துக்குச் சிறு காகித உறைகளே போதும். உறையின் மேல் என்ன காசு, எந்த ஆண்டு, எந்த ஊரில் அச்சானது, யார் கொடுத்தது, எந்தத் தேதியில் என்று பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். "யார் கொடுத்தது" என்ற வரியை மட்டும் விட்டுவிடவே கூடாது.

விலையைப் பற்றிப் பிள்ளை கேட்கும், கேட்காமல் இருக்காது. குறிப்பிட்ட ஐந்து ரூபாய் காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று கைப்பேசியில் வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் முன்பணம் பறிக்கும் மோசடி; ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. சட்டத்தையும் சொல்லிவையுங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆதலால், அதை நம் விருப்பப்படி வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நிலத்தைத் தோண்டும்போது கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பாலாற்று மணலில் எதுவாவது தட்டுப்பட்டால் பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது என்பது பிள்ளைக்கு முன்பே தெரிந்திருக்கட்டும்.

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கோ, காட்பாடியில் ரயில் ஏறி எழும்பூர் அருங்காட்சியகத்தின் காசுப் பிரிவுக்கோ அழைத்துப் போவதாக இருந்தால், ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். விடை கிடைத்ததும், கிடைக்காவிட்டாலும், ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள். வீட்டில் வாரத்துக்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியில் உங்களுக்குத் தெரியாத கேள்வி வந்தால், "தெரியவில்லை, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். காசை வைத்து வரலாற்றுப் பரீட்சை நடத்தாதீர்கள். நான் ஒருமுறை நடத்தி இரண்டு வாரத்தை இழந்தேன்.

ஏழாம் எட்டாம் வகுப்பில் கிரிக்கெட்டோ கைப்பேசியோ வந்து காசுப் பெட்டி மூடிக்கொள்வதும் நடக்கும். அப்போது "எத்தனை ஆசையாகச் சேர்த்தாய்" என்று தொடங்காதீர்கள். பெட்டியைப் பரணில் ஏற்றாமல் கை எட்டும் அலமாரியில் வையுங்கள், உள்ளே போட்ட ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன் மாற்றுங்கள், கடையில் புதிதாக ஏதாவது காசு கைக்கு வந்தால் உறையில் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதி அதில் போட்டுவையுங்கள்.