ஃபீடை மறந்துவிட்டுத் தகட்டைப் பாருங்கள்: கேரக்டரிஸ்டிக் மோடு வழியில் ஆண்டெனா வடிவமைப்பு

120 மி.மீ. நீளம், 60 மி.மீ. அகலம். கைப்பேசி அளவில் ஒரு செம்புத் தகடு. இதை 900 மெகாஹெர்ட்ஸில் கதிர்வீச வைக்க வேண்டியிருந்தது. ஃபீடை, அதாவது சிக்னலைத் தகட்டுக்குள் கொடுக்கும் இணைப்பை, ஒரு மூலையில் வைப்பது, மேட்ச் ஆகவில்லை என்றால் கொஞ்சம் தள்ளி வைப்பது, அப்புறம் இன்னும் கொஞ்சம். இப்படியே இரண்டு வாரம் போனது. மோடு அலசலுக்கு (ஃபீட் இல்லாமலே தகட்டுக்கு இயல்பாக உரிய மின்னோட்ட வடிவங்களை, அதாவது மோடுகளை, கணக்கிடும் முறை) வந்த பிறகுதான் எங்கே வெட்டுவது, எங்கே ஃபீட் கொடுப்பது என்று ஒரே மாலையில் புரிந்தது. மொமெண்ட் முறையில் (பரப்பைச் சிறு முக்கோணங்களாகப் பிரித்து மின்னோட்டத்தைக் கணக்கிடுவது) இம்பீடன்ஸ் மேட்ரிக்ஸ் எடுக்க உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1. ஃபீடை எடுத்துவிட்டு வெறும் தகட்டை மட்டும் மாதிரியாக வையுங்கள். 600 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3 கிகாஹெர்ட்ஸ் வரை போதும். 3 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 100 மி.மீ. முக்கோணத்தின் விளிம்பு அதில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். நான் 5 மி.மீ. வைத்தேன்.

படி 2. மேட்ரிக்ஸின் மெய்ப்பகுதியை ஆர் என்றும் கற்பனைப் பகுதியை எக்ஸ் என்றும் பிரியுங்கள். 1971-இல் ஹாரிங்டனும் மௌட்ஸும் கொடுத்த சமன்பாடு இதுதான்: எக்ஸை மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவதும், ஆரை அதே மின்னோட்டத்தால் பெருக்கி லாம்டா (அந்த மோடுக்கு உரிய எண், அதாவது ஐகன் மதிப்பு) மடங்காக்கினால் வருவதும் சமம். லாம்டா பூஜ்யம் என்றால் அந்த மோடு ரெசனன்ஸில் இருக்கிறது. மைனஸ் என்றால் கெபாசிடிவ், பிளஸ் என்றால் இண்டக்டிவ்.

பைத்தானில் சைபை நூலகத்தின் சமச்சீர் மேட்ரிக்ஸுக்கான ஐகன் தீர்வியை (eigh) நேராகக் கூப்பிட்டால், ஆர் பாசிட்டிவ் டெஃபினிட் இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். உங்கள் புரோகிராம் தவறில்லை. சிறிய தகட்டில் பெரும்பாலான மின்னோட்ட வடிவங்கள் ஏறக்குறைய எதையும் கதிர்வீசுவதில்லை. அவற்றுக்கான ஐகன் மதிப்புகள் ரவுண்டிங் பிழைக்கும் கீழே போய், சில மைனஸாகவும் வந்துவிடும். முதலில் ஆரை மட்டும் அதன் ஐகன் மதிப்புகளாகப் பிரித்து, மிகப்பெரிய மதிப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றை நீக்கிவிட்டு, மிச்சத்தில் கணக்கைத் தீருங்கள்.

படி 3. நான் மூன்று நாள் மாட்டிக்கொண்டது இங்கேதான். லாம்டாவை அதிர்வெண்ணோடு வரைந்தால் கோடுகள் 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றோடொன்று நிறம் மாறித் தாவின. மெஷ்ஷைத்தான் (முக்கோண வலையை) சந்தேகப்பட்டேன். காரணம் வேறு: ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் தீர்வி மோடுகளைப் புதிதாக வரிசைப்படுத்துகிறது. முந்தைய அதிர்வெண்ணில் 'இரண்டாவது' என்று வந்தது இங்கே 'மூன்றாவது' ஆகிவிடும்.

இதற்குத் தீர்வு டிராக்கிங், அதாவது அதிர்வெண் மாற மாற அதே மோடைப் பின்தொடர்வது. ஒவ்வொரு மோடையும் அதன் கதிர்வீச்சுத் திறன் ஒன்றாக வரும்படி அளவாக்குங்கள். பிறகு பழைய மின்னோட்டம், ஆர், புதிய மின்னோட்டம் மூன்றையும் பெருக்குங்கள். அதே மோடு என்றால் விடை (குறியைப் பார்க்காமல்) 1-க்குப் பக்கத்தில் வரும், வேறு மோடு என்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே மெஷ் இருக்க வேண்டும், மாறினால் இந்தப் பெருக்கலுக்கே அர்த்தமில்லை. ஃபெக்கோ, சிஎஸ்டி என்ற ஆண்டெனா மென்பொருள்கள் இரண்டிலும் மோடு அலசல் உண்டு. ஆனால் கற்றுக்கொள்பவர்களுக்கு நான் பைத்தானைத்தான் சொல்வேன். டிராக்கிங் தவறும் இடத்தை உள்ளே போய்ப் பார்க்க முடியும்.

பின்சேர்க்கை: இரண்டு கோடுகள் நெருங்கி வந்து, வெட்டிக்கொள்ளாமல் விலகிப் போகின்றன என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அது பிழையில்லை. ஒரே சமச்சீர் கொண்ட இரண்டு மோடுகள் பொதுவாக வெட்டிக்கொள்வதில்லை. அந்த இடத்தில் மட்டும் அதிர்வெண் படியை 20-லிருந்து 2 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்துப் பாருங்கள், தெளிவாகத் தெரியும்.

படி 4. இனி மின்னோட்டப் படத்தைப் பாருங்கள். என் தகட்டில் முதல் மோடு 1.1 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரெசனன்ஸ் ஆனது. நீளவாக்கில் ஓடும் மின்னோட்டம், நடுவில் உச்சம், குட்டை விளிம்புகளில் ஏறக்குறைய பூஜ்யம். ஆகவே வெட்டு விழ வேண்டிய இடம் நடுப்பகுதி. இரண்டு நீள விளிம்புகளின் மையத்திலிருந்தும் உள்நோக்கி 2 மி.மீ. அகல வெட்டு கொடுத்தேன். மின்னோட்டம் சுற்றிப் போக வேண்டியதால் ரெசனன்ஸ் கீழே இறங்கும். 2 மி.மீ. ஆழமாக்குவது, மறுபடி கணக்கிடுவது என்று 900-க்கு வந்து சேர்ந்தேன். அகலவாக்கில் ஓடும் மோடுக்கு இந்த வெட்டு இணையாக இருப்பதால் அது அதிகம் அசையவில்லை. ஆழம் கூடக் கூட பேண்ட்வித் சுருங்கும், அதையும் கவனியுங்கள்.

ஃபீட்? ஒரு வெட்டின் வாயிலேயே, குறுக்காக. மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் இடம் அதுதான். மேட்சிங்குக்குச் சின்ன சர்க்யூட் வேண்டியிருக்கும்.

படி 5. தகட்டை வெட்டி நானோவிஎன்ஏவில் (ஆண்டெனாவின் மேட்சை அளக்கும் சிறிய கருவி) அளந்தேன். கேபிளைத் தொட்டாலே வளைவு நகர்ந்தது. கேபிளின் வெளி உறையும் ஆண்டெனாவின் பகுதியாகிவிட்டது என்று அர்த்தம். இதற்கும் மோடு படமே வழி காட்டுகிறது: கேபிளை நீள விளிம்பின் நடுவிலிருந்து, விளிம்புக்குச் செங்குத்தாக வெளியே எடுங்கள். அங்கே முதல் மோடின் மின்புலம் மிகக் குறைவு, மின்னோட்டத்தின் திசையும் கேபிளுக்குக் குறுக்கே இருக்கிறது. தகட்டை ஒட்டி, கேபிள் உறையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்க இரண்டு ஃபெரைட் கிளிப்பும் மாட்டிவிட்டு, மறுபடி கேபிளைத் தொட்டுப் பாருங்கள்.