ஆம்புலன்ஸ் எங்கே நிற்கணும்? ஏற்காட்டு மலையை வைத்து ஒரு செய்முறை

சேலத்தில் இருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் அடிவாரத்தைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளிக் கணக்கோடு மலையில் ஆம்புலன்ஸுக்கு இடம் தேடினால் முதல் வளைவிலேயே கணக்கு தப்பும்.

எனக்கும் தப்பியது. வரைபடத்தை விரித்து, காம்பஸால் வட்டம் போட்டு, நடுவில் புள்ளி வைத்தேன். ஒரு ஊர் வட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. நேரில் போய்ப் பார்த்தால் அது எதிர்ச் சரிவு. கொடியில் துணி காய்வதுகூடத் தெரிகிறது. சாலையோ பள்ளத்தாக்கை முழுக்கச் சுற்றிக்கொண்டு போகிறது.

படி 1: நிமிடத்தை அளங்கள்

ஊர்கள், எஸ்டேட் லைன் வீடுகள், கூட்டுரோடுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் புள்ளிகளாகப் போட்டு, சாலைகளைக் கோடுகளாக இழுங்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். பைக்கில் அளக்காதீர்கள், பைக் நுழைந்து போகும் இடத்தில் வேன் நிற்கும். ஏறுவதற்கு ஒரு நேரம், இறங்குவதற்கு ஒரு நேரம். சாதாரண நாள் ஒன்றில் அளந்த பிறகு, மே மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலும் அளங்கள். சுற்றுலா வண்டிகள் வரிசையாக ஏறும்போதுதான் உண்மை தெரியும். சாலை முடிந்து நோயாளியைத் தூக்கி வர வேண்டிய ஊர் என்றால் அந்த நடை நேரத்தையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

படி 2: அழைப்பு எங்கிருந்து வரும்?

மக்கள் தொகையை மட்டும் நம்ப வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸிடமும் 108 டிரைவரிடமும் பத்து நிமிடம் பேசினால் எந்தப் பக்கம் அடிக்கடி ஓட்டம் என்று சொல்லிவிடுவார்கள். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் எஸ்டேட்டுகளில் ஆள் கூடும், அதையும் சேருங்கள்.

படி 3: கணக்கு

இதுதான் முக்கியமான படி, கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். எண்கள் பயிற்சிக்காக நான் போட்டவை. ஒரே மலைச் சாலையில் நான்கு ஊர்கள்: க, ச, ட, த. க-வில் இருந்து ச 10 நிமிடம், ட 15 நிமிடம், த 40 நிமிடம். மாத அழைப்புகள் முறையே 3, 6, 4, 2. ஒவ்வொரு ஊரின் அழைப்புகளையும் வண்டி அங்கே போய்ச் சேரும் நிமிடத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள்.

வண்டி ச-வில் நின்றால்: க-வுக்கு 3 × 10 = 30, ட-வுக்கு 4 × 5 = 20, த-வுக்கு 2 × 30 = 60. மொத்தம் 110 நிமிடம்.

ட-வில் நின்றால்: 45 + 30 + 50 = 125.

சாலையின் நட்டநடுவில், அதாவது 20-ஆவது நிமிடத்தில் நின்றால்: 60 + 60 + 20 + 40 = 180.

வரைபடத்தில் நியாயமாகத் தெரிந்த நடு இடம்தான் மொத்தத்தில் மோசம். ஊர்களையும் கூட்டுரோடுகளையும் மட்டும் சோதித்தால் போதுமா, நடுவழியில் எங்காவது இன்னும் நல்ல இடம் ஒளிந்திருக்காதா என்று தோன்றும். மொத்த நேரத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் புள்ளிகளே போதும் என்று 1964-இல் ஹக்கிமி என்ற கணிதவியலாளர் நிரூபித்துவிட்டார். பாதி வேலை மிச்சம்.

படி 4: கடைசி ஊரைப் பாருங்கள்

மொத்தம் குறைவு என்று ச-வைத் தேர்ந்தெடுத்தால் த ஊர்க்காரர் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அவருக்கு 20 நிமிடம்தான், ஆனால் மற்ற எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்தால் கூடிவிடுகிறது. ட-வில் 25. மொத்தத்தில் மாதம் 15 நிமிடம் கூடுகிறது, கடைசி ஊருக்கு ஒவ்வொரு முறையும் 5 நிமிடம் குறைகிறது. நான் ட என்றுதான் சொல்வேன். வேறொருவர் ச என்று சொன்னால் தப்பில்லை. யார் காத்திருப்பைக் குறைக்கிறோம் என்பதை ஊரே உட்கார்ந்து முடிவு செய்யட்டும்.

‘ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்தலாமே?’ என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். நோயாளி வீட்டில் இருந்து ஆஸ்பத்திரிக்கு ஆகும் நேரம், வண்டி எங்கே நின்றாலும் மாறாது. மாறுவது வண்டி நோயாளியிடம் வந்து சேரும் நேரம்தான். ஆஸ்பத்திரி வாசலும் ஒரு புள்ளி. மற்றதைப் போல அதையும் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

படி 5: இடத்தில் போய் நில்லுங்கள்

வண்டி பின்னால் எடுக்காமல் திரும்ப முடிகிறதா? சந்தை நாளில் வாசலை மறித்துக் கடை போடுவார்களா? தண்ணீர், கழிப்பறை, செல்போன் சிக்னல் இருக்கிறதா? இரவெல்லாம் குளிரில் இருக்கப்போகிறவர்கள் ஆம்புலன்ஸ் ஊழியர்கள்.

அப்புறம் மழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. அடிவாரச் சாலை அடைபட்டால் குப்பனூர் வழி. அதனால் தாளில் அடிவாரக் கோட்டை அழித்துவிட்டு மூன்றாவது படியை இன்னொரு முறை போடுங்கள். அப்போதும் தாக்குப்பிடிக்கிற புள்ளிதான் நல்ல புள்ளி.

சரி, இடம் கிடைத்தாயிற்று. கிராம சபையில் தீர்மானம் போட்டு, நிமிடக் கணக்குத் தாளையும் சேர்த்துப் பின் அடித்து, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். ஒரு நகல் கையில் இருக்கட்டும்.