ரேஷன் கார்டை வைத்து இலவசத் தொழிற்பயிற்சியில் சேருவது எப்படி: பாம்பன் பக்கத்து அனுபவம்

போன வருஷம் ஏப்ரல் 15, தடைக்காலம் தொடங்கிய அன்றைக்குத் தம்பி வலையையும் ஐஸ் பெட்டியையும் கரையேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தவன், "இனி போட்டுக்குப் போகலக்கா, ஏதாவது தொழில் படிக்கணும்" என்றான். பத்தாவது முடித்த கையோடு கடலுக்குப் போனவன், இப்போது 23 வயது. ஜூன் 14 வரைக்கும் 61 நாள் இருக்கிறது, அதற்குள் ஒரு வழி பண்ணிவிடலாம் என்று நானும் கூடவே இறங்கினேன். அந்த 61 நாளில் பாதிக்கு மேல் பேப்பருக்கே போய்விட்டது. ஆனால் அவனுக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டதை வைத்து மதினியை ஒரு பயிற்சியில் சேர்த்தபோது எல்லாமே ஒரு வாரத்தில் முடிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆதாரும் வங்கிக் கணக்கும் கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன், அதையெல்லாம் விளக்கப் போவதில்லை.

முதலில் கார்டில் உள்ள எழுத்தைப் பாருங்கள்

ஸ்மார்ட் கார்டில் சின்னதாக ஆங்கில எழுத்து அச்சாகியிருக்கும். பி.எச்.எச். என்றால் முன்னுரிமை அட்டை. அதோடு ஏ.ஏ.ஒய். என்று சேர்ந்திருந்தால் அந்தியோதயா, மாதம் 35 கிலோ அரிசி வாங்குகிறவர்கள். என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமை இல்லாத அட்டை. இதைத் தவிர சர்க்கரை அட்டை, பொருளில்லா அட்டை என்றும் இருக்கிறது. நம் மாநிலத்தில் 2011-லிருந்து எல்லா அரிசி அட்டைக்கும் அரிசி விலையில்லாமல் கிடைப்பதால் கடையில் யாரும் இந்த எழுத்தைக் கவனிப்பதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பயிற்சி மையத்து மேசையில் அந்த ஒரு எழுத்துதான் முதல் கேள்வி. உங்களுடையது எது என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு என்ன செய்வது என்பது கீழே வருகிறது.

பெயர், பிறந்த தேதி, போன் நம்பர்

எங்கள் அம்மா எல்லாப் பேப்பரையும் ஒரு பிஸ்கட் டின்னில், உப்புக்காற்று படாமல் பாலித்தீன் கவரில் சுற்றி வைத்திருப்பார். அதை வெளியே எடுத்து வரிசையாகப் பாயில் பரப்பினோம். தம்பிக்கு டி.சி.யில் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால், ரேஷன் கார்டில் இனிஷியலே கிடையாது. பிறந்த தேதி டி.சி.யில் ஒன்று, ஆதாரில் ஜனவரி 1. நம் பக்கத்தில் பாதிப் பேர் ஆதாரில் ஜனவரி 1-ல்தான் பிறந்திருப்பார்கள், பதியும்போது தேதி தெரியாது என்று சொன்னால் அப்படித்தான் போட்டுவிடுவார்கள்.

இதில் வரிசை முக்கியம். படித்தவர்களுக்கு டி.சி.யும் மார்க்ஷீட்டும்தான் அடிப்படை, அதை ஒட்டி ஆதாரைத் திருத்துங்கள், ஆதாரை ஒட்டி ரேஷன் கார்டைத் திருத்துங்கள். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்து, ரேஷன் கார்டை முதலில் மாற்றி, அப்புறம் மறுபடியும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் மாற்ற முடியும், அதனால் மையத்தில் அவர் தட்டச்சு செய்து முடித்ததும் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகு சரி சொல்லுங்கள்.

ரேஷன் கார்டுத் திருத்தத்தை இணையத்திலேயே செய்யலாம், ஆனால் ஓ.டி.பி. கார்டில் பதிந்த நம்பருக்குத்தான் வரும். எங்கள் கார்டில் இருந்தது அப்பாவின் நம்பர். அவர் நாட்டுப்படகில் போகிறவர், தடைக்காலத்திலும் தொழில் உண்டு. அப்பா கடலில், போன் அப்பாவிடம், அங்கே டவர் இல்லை. அவர் கரைக்கு வந்தால் சர்வர் வேலை செய்யாது. இப்படியே நான்கு நாள். கடைசியில், மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை வட்ட அளவில் நடக்கிற ரேஷன் குறைதீர் முகாமில் போய் நம்பரை மாற்றினோம். கார்டு நம்பரும் ஆதாரும் கொண்டுபோனால் போதும். வீட்டிலேயே இருக்கிற ஒருவருடைய நம்பரைக் கொடுங்கள்.

வருமானச் சான்றும் சாதிச் சான்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கட்டணம் 60 ரூபாய். வீட்டில் கணினி இருந்தால்கூட முதல் முறை நான் மையத்துக்குத்தான் போகச் சொல்வேன். அங்கே முதலில் உங்கள் விவரங்களைப் பதிந்து கேன் நம்பர் என்று ஒரு அடையாள எண் கொடுப்பார்கள், அந்தப் பதிவில் ஒரு எழுத்து தப்பாகப் போய்விட்டால், பிறகு எடுக்கிற எல்லாச் சான்றிலும் அதே தப்பு வரும். அடுத்தடுத்த விண்ணப்பங்களை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டலாம், நகல் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

யாருக்கு எந்தப் பயிற்சி

எட்டாவது தாண்டாதவர்களுக்கு முதல் வாசல் ஆர்செட்டி. முழுப்பெயர் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம், வங்கிகள் நடத்துவது, ராமநாதபுரத்தில் இருக்கிறது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பத்து நாளிலிருந்து 45 நாள் வரைக்கும் வகுப்புகள் உண்டு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். மதினி ஏழாவதோடு நின்றவர், கஞ்சிப்பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். அவர் சேர்ந்தது அப்பளம், ஊறுகாய், மசாலாப்பொடி வகுப்பில். எல்லாரும் தையலுக்குப் போகச் சொன்னார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். எங்கள் தெருவில் மட்டும் ஏழு தையல் மிஷின் இருக்கிறது, தைக்கக் கொடுக்க ஆள் இல்லை. கருவாடு எங்கள் வீட்டிலேயே காய்கிறது, அதைத் தொக்காக்கி விற்றால் வாங்க ஆள் உண்டு. சின்ன அளவில் உணவுப்பொருள் விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான், அதையும் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பயிற்சி முடிந்தபிறகும் இரண்டு வருஷம் தொடர்பில் இருந்து வங்கிக்கடனுக்கு வழிகாட்ட வேண்டியது அவர்கள் வேலை. கூச்சப்படாமல் போன் பண்ணிக் கேளுங்கள்.

எட்டாவது, பத்தாவது தேறியவர்கள், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ வீடு தாங்கும் என்றால், அரசு ஐ.டி.ஐ.க்குப் போங்கள். என் கருத்தில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. வெல்டர், வயர்மேன் மாதிரிப் பிரிவுகளுக்கு எட்டாவது போதும், எலெக்ட்ரீஷியன், ஃபிட்டருக்குப் பத்தாவது வேண்டும். ஆண்களுக்கு 40 வயது வரை, பெண்களுக்கு வயது வரம்பே கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை எல்லாம் உண்டு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்கள் என்றால் பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் இன்னும் 1,000 ரூபாய் மாதாமாதம் வரும். பத்தாவது முடித்து உடனே யோசிக்கிற பையன்கள், கடலை விட மனசில்லாதவர்கள், சென்னை ராயபுரத்தில் இருக்கிற சிஃப்நெட் என்கிற மத்திய அரசு மீன்வளப் பயிற்சி நிலையத்தில் கப்பல் செலுத்துவதற்கும் இன்ஜினுக்கும் உள்ள இரண்டு வருஷப் படிப்புகளை விசாரியுங்கள். அங்கே வயது வரம்பு குறைவு, தள்ளிப்போடக் கூடாது.

தம்பிக்கு இரண்டு வருஷம் காத்திருக்க முடியாது. அவனுக்கு ஒத்துவந்தது டி.டி.யு.ஜி.கே.ஒய். இது 2014-ல் வந்த மத்திய திட்டம், கிராமத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, 15 முதல் 35 வயது வரை, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 45 வரை. தங்கிப் படித்து, முடித்ததும் வேலை. ஏ.சி. மெக்கானிக் எடுக்கச் சொன்னேன். ராமேஸ்வரத்தில் எத்தனை லாட்ஜ், எத்தனை ஏ.சி., அத்தனையிலும் அவுட்டோர் யூனிட் உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்து உதிர்ந்துபோகிறது. வேலைக்குப் பஞ்சமே வராது.

நாங்கள் சிக்கிய இடம்

பேப்பரெல்லாம் சரியாக எடுத்துக்கொண்டு ஒரு பயிற்சி மையத்துக்குப் போனோம். மேசையில் இருந்தவர் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்.பி.எச்.எச்., நீங்க வறுமைக்கோட்டுக்குக் கீழே வரமாட்டீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். தம்பி ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, "விடுக்கா, ஜூன்ல போட்டுக்கே போயிர்றேன்" என்றான். அந்த வார்த்தை என்னை ராத்திரி தூங்க விடவில்லை.

மறுநாள் காலையில் எங்கள் மகளிர் குழுவின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் இருக்கிற ஒரு அக்காவிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கம்மா குழுவுல இருக்காங்கள்ல?" இந்த இடத்தை நன்றாகப் படியுங்கள். ஏழைக் குடும்பம் என்று காட்ட ரேஷன் கார்டு ஒரு வழி மட்டுமே. வீட்டில் யாராவது மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தாலும் ஏற்பார்கள். நூறு நாள் வேலை அட்டை இருந்து, முந்தின நிதியாண்டில் குடும்பத்தில் யாராவது 15 நாளாவது வேலை பார்த்திருந்தாலும் ஏற்பார்கள். ஊரில் எடுத்த மக்கள் நிலை ஆய்வுப் பட்டியலில் உங்கள் குடும்பம் இருந்தாலும் ஏற்பார்கள். இதில் ஏதாவது ஒன்று போதும், எல்லாமும் தேவையில்லை.

கூட்டமைப்பில் அம்மா உறுப்பினர் என்று ஒரு கடிதம், குழுவின் தீர்மான நோட்டில் அம்மா கையெழுத்து இருக்கிற பக்கத்தின் நகல், இரண்டையும் எடுத்துக்கொண்டு இந்த முறை நேராக ஒன்றிய அலுவலகத்தில் மகளிர் திட்டப் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த அம்மா நகலைப் பார்த்துவிட்டு, வேறு ஒரு வார்த்தை பேசாமல் விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். ஆகவே நீங்கள் முதலில் மையத்துக்குப் போகாதீர்கள், மகளிர் திட்டப் பிரிவுக்குப் போய் அவர்கள் வழியாக மையத்துக்குப் போங்கள். யாராவது "சீட்டு வாங்கித் தர்றேன், அட்வான்ஸ் கொடு" என்று கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள், இந்தத் திட்டங்களில் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை.

பயிற்சிக்குப் போனால் ரேஷன் நின்றுவிடுமா

அம்மா ஓயாமல் கேட்டது இதைத்தான். "பேரை வெட்டிட்டா அரிசி குறைஞ்சிருமேடி." வெட்டமாட்டார்கள். வெளியூரில் தங்கிப் படிப்பதால் பெயரை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை, பொருள் வாங்க வீட்டில் ஒருத்தர் கைரேகை வைத்தால் போதும். முன்னுரிமை அட்டை, அந்தியோதயா அட்டைக்காரர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்டில் உள்ள ஒவ்வொருவரும் கைரேகைப் பதிவு முடித்திருக்க வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள், விட்டுப்போனால் தங்கியிருக்கிற ஊரில் உள்ள ரேஷன் கடையிலும் பதியலாம்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு மண்டபத்திலிருந்து ஒரு தங்கை, குழுக் கடிதம் காட்டியும் எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தார். முகவரியைக் கேட்டதும் புரிந்தது. டி.டி.யு.ஜி.கே.ஒய். கிராம ஊராட்சிகளுக்கு உரியது. பாம்பன், தங்கச்சிமடம், பெரியபட்டினம், தேவிபட்டினம் எல்லாம் ஊராட்சி. ராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சி, மண்டபமும் தொண்டியும் பேரூராட்சி. அங்கே இருப்பவர்கள் நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தையும், மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் நான் முதல்வன் குறுகிய காலப் பயிற்சிகளையும் கேளுங்கள். ஐ.டி.ஐ.க்கு இந்தப் பிரிவினை கிடையாது.

இன்னொன்று, பத்தாவதில் தவறியவர்கள் நிறையப் பேர் கேட்டது. தனித்தேர்வராக எழுதலாம், ஆனால் நேரடியாகப் பத்தாவது எழுதுகிறவர்கள் அறிவியல் செய்முறை வகுப்புக்குத் தனியாகப் பெயர் பதிந்து, போய் வந்திருக்க வேண்டும். தேர்வு அறிவிப்பு வரட்டும் என்று இருந்தால் அந்தத் தேதி முன்பே போய்விடும். இரண்டு பாடம் மட்டும் நிற்கிறது என்றால் அது வேறு, அதை மட்டும் எழுதலாம். எட்டாவதுகூட இல்லாதவர்களுக்கு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு இருக்கிறது. மதினி அடுத்த முறை எழுதப்போகிறார், புத்தகம் வாங்கியாகிவிட்டது. விண்ணப்பத்துக்கு டி.சி. கேட்பார்கள், ஏழாவதோடு நின்றவர்கள் அந்தப் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய் இப்போதே எழுதிக்கொடுத்துவிடுங்கள். பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க அவர்களுக்கு எங்கள் விஷயத்தில் மூன்று வாரம் ஆனது.