மறதி வந்த அப்பாவை மலைக்குளிரில் பார்த்துக்கொள்வது எப்படி

அப்பா கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 31 வருடம் டீ மேக்கராக இருந்தவர். அரைத்த இலை செம்பு நிறத்துக்குத் திரும்பும்போது கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். ஒரு பிடி அள்ளி மோந்துவிட்டு, "போதும், டிரையருக்கு விடு" என்பார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் அடுப்பில் பால் கருகிப் புகைந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே முக்காலி போட்டு நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். சளியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். வயதானவர்களுக்கு மோப்பம் குறைவது சில வேளை மறதி நோய்க்கு முன்னால் வரும் என்பது பிறகுதான் தெரிந்தது. மோப்பம் இழந்த முதியவர்களிடம் அடுத்த சில ஆண்டுகளில் இறப்பும் கூடுதலாகக் காணப்படுகிறதாம். மூக்கு போனதால் யாரும் சாவதில்லை. உள்ளே வேறு எங்கெல்லாமோ தேய்கிறது என்பதை மூக்கு முந்திக்கொண்டு சொல்கிறது, அவ்வளவுதான்.

மறதி வந்தவரின் ஆயுள், அதே வயதில் தெளிவாக இருப்பவரின் ஆயுளைவிடப் பொதுவாகக் குறைவு. கடைசியில் ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் நிமோனியா, வேறு தொற்று, விழுந்து இடுப்பு முறிவது, உடம்பில் நீர் வற்றுவது. ஆகவே நாம் கவனிக்க வேண்டியது உடம்பை. "நான் யார் சொல்லுங்கள் பார்ப்போம்" என்று தினமும் பரீட்சை வைப்பதை முதலில் நிறுத்துங்கள். என் அண்ணிக்கு இதைப் புரியவைக்கவே ஒரு வருடம் ஆனது.

பரீட்சையை டாக்டர் வைக்கட்டும். 30 மதிப்பெண்ணுக்கு ஒரு சோதனை உண்டு. இன்று என்ன கிழமை, இது என்ன பருவம், 100-லிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்றெல்லாம் கேட்பார்கள். பருவத்தைக் கேட்டபோது அப்பா, "எந்த மழையைக் கேட்கிறீர்கள், கூடலூர்ப் பக்கத்து மழையா, நம் பக்கத்து மழையா?" என்று திருப்பிக் கேட்டார். கழித்தலில் 86-ஐத் தாண்டவில்லை. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களுக்கு மதிப்பெண் இயல்பாகவே குறையும் என்பதால், படிப்பு எவ்வளவு என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பி12, தைராய்டு, சோடியம் மூன்றுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காதுகேளாமையும் மனச்சோர்வும்கூட மறதிபோலத் தோன்றும். இவற்றுக்கெல்லாம் மருத்துவம் உண்டு.

இனி நான் செய்த தவறு. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இறங்குவது. ஒரே நாளில் இறங்கினால் அது வேறு. போன மார்கழியில் அப்பா திடீரென்று பகலெல்லாம் தூங்கினார். இரவில் எழுந்து, இல்லாத ஆட்களிடம் இலை எடை கேட்டார். நோய் முற்றிவிட்டது என்று இரண்டு நாள் அழுதுகொண்டிருந்தேன். சிறுநீர்த் தொற்று. குளிரில் அவர் தண்ணீரே குடிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. போதாததற்குக் கடையில் வாங்கிய சளி மாத்திரை வேறு. குளோர்பெனிரமைன் உள்ள மாத்திரைகள் முதியவர்களின் மூளையைக் குழப்பும், சிறுநீரையும் அடைக்கும். மருந்து கொடுத்த நாலாம் நாள் அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். எத்தனை டம்ளர் தண்ணீர், எத்தனை முறை சிறுநீர், எவ்வளவு சாப்பாடு, தூக்கம், நடை. மாதம் ஒருமுறை எடை. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் அன்றைக்கே டாக்டர். திங்கட்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும். கேட்காமல் வெதுவெதுப்பாகக் கையில் கொடுத்துவிடுங்கள்.

சாப்பிடும்போது இருமல் வந்தால் அலட்சியம் வேண்டாம். விழுங்கும் வழி தடுமாறி உணவு நுரையீரலுக்குள் போகிறது என்று பொருளாக இருக்கலாம். நிமோனியா பல நேரம் அந்த வழியாகத்தான் வருகிறது. நிமிர்ந்து உட்காரவைத்துச் சிறு வாயாகக் கொடுங்கள், முடிந்ததும் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். பல்லையும் வாயையும் தினமும் சுத்தம் செய்யுங்கள்.

குளிர்கிறது என்று அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். ஸ்வெட்டர், குல்லா, காலுறை எல்லாம் நாமாகப் போட்டுவிட வேண்டியதுதான். வெறும் காலுறையோடு சிமெண்ட் தரையில் நடந்தால் வழுக்கும், பிடிப்புள்ள செருப்பும் வேண்டும். கும்முட்டி அடுப்பை மட்டும் சாத்திய அறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அப்பாவின் பழைய மூக்குக்கே அகப்படாது. பனி இறங்கி நாலரை மணிக்கே இருட்டும் நாட்களில் முன்கூட்டியே விளக்கைப் போட்டால் அந்திக் குழப்பம் கொஞ்சம் தணிகிறது. எங்கள் வீட்டுப் படி பதினேழு. விளிம்புகளில் மஞ்சள் பெயிண்ட் அடித்து, இரும்புக் கைப்பிடி வைத்தோம். கைப்பிடிச் செலவில் அண்ணன் இன்னும் பாதி தரவில்லை.

ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். தெளிவு இருக்கும்போதே அவர் விருப்பத்தைக் கேட்டுவிட வேண்டும். நோய் முற்றிய நிலையில் மூக்கிலோ வயிற்றிலோ குழாய் வைத்து உணவு கொடுப்பதால் ஆயுள் நீள்வதாகத் தெரியவில்லை என்று டாக்டரே சொன்னார். ஒரு காலை வெயிலில், மாட்டுத் தொழுவம் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். அப்பா வெகுநேரம் எதிர்த்த சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குழாய் வேண்டாம். என்ன ஆனாலும் மேட்டுப்பாளையத்துக்குக் கீழே கொண்டுபோகாதே, அந்தப் புழுக்கம் எனக்கு ஆகாது." நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு அதை அப்படியே எழுதினேன். அண்ணனும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.